எட்டு லிங்கம்... நாலு மணி நேரம்... ஒரு வாண்டு!

உங்களுக்கு ஒரு கேள்வி. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர், ஹெச்.ஓ.டி. ரூம் வாசல், ப்ளேஸ்மென்ட் இன்டர்வியூ... இந்த மூணுல எதைப் பார்த்தா உங்களுக்கு அதிகமா உதறும்? எதுவா இருந்தாலும் சரி, அதைத் தூக்கி ஓரமா வைங்க. ரெண்டே கால் வயசு வாண்டு ஒண்ணை, முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில், ஒரே ஸீட்டில், பெல்ட் போட்டு, நாலு மணி நேரம் அழாமல் உட்கார வைக்கணும்னு உங்களுக்கு ஒரு அசைன்மென்ட் வந்தா என்ன செய்வீங்க?

எனக்கு வந்துச்சு பாஸ். இன்ஜினீயரிங் மூணாம் வருஷம். செமஸ்டர் லீவு விட்ட மூணாவது நாள். சென்னை டு சிங்கப்பூர். பாப்பா, அக்கா, நான்.

முன்கதை சின்னதுதான். மாமாவுக்கு சிங்கப்பூரில் வேலை. பாப்பாவுக்கு ஆறு மாசம் இருக்கும்போது வந்து பார்த்துட்டுப் போனவர். அதுக்கப்புறம் அவருக்கும் பாப்பாவுக்கும் நடந்ததெல்லாம் வீடியோ காலில்தான். ராத்திரி எட்டு மணி ஆனா போன் அடிக்கும். "மலை எங்கே?"ன்னு மாமா கேட்பார். பாப்பா வாசலுக்கு ஓடிப்போய் விரலை நீட்டிக் காட்டும். எங்க ஊரில் இது ஒரு வசதி. திருவண்ணாமலையில் எந்தத் தெருவில் நின்னாலும் மலை தெரியும். தினமும் அதே கேள்வி, அதே விரல், அதே கைத்தட்டல்.

இப்போ அக்காவும் பாப்பாவும் ஒரேயடியா அங்கே போறாங்க. பயணத்துக்கு முதல் நாள் ராத்திரி துணி மடிச்சுக்கிட்டே அக்கா சொன்னதைக் கேளுங்க.

"ஃப்ளைட்ல அழுதா கூட பரவாயில்லடா. இறங்குறப்ப தூக்கம் கெட்டு, காது வலிச்சு, கத்திக்கிட்டே போய் அவர் முன்னாடி நின்னா? அவரைப் பார்த்து மிரண்டு இன்னும் கத்தினா? பாவம்டா அவரு... தாங்க மாட்டாரு."

அப்பதான் புரிஞ்சுது. இது வெறும் வேடிக்கை காட்டுற வேலை இல்லை. ஒரு குழந்தையை நல்ல மூடில் அவங்க அப்பா கையில் டெலிவரி பண்ற வேலை!

பாட்டி கொடுத்த ஃபார்முலா

ஆலோசனை சொல்ல ஊரே வந்துச்சு. பக்கத்து வீட்டு அத்தை, "ஒரு மூடி சளி மருந்து ஊத்திடு, சிங்கப்பூர் வர்ற வரைக்கும் எந்திரிக்காது"ன்னாங்க. அக்கா நேரா குழந்தை டாக்டர்கிட்ட போய்க் கேட்டா. "கூடவே கூடாது"ன்னுட்டார். தூக்கம் வரணும்னு இந்த மருந்தைக் கொடுத்தா சில குழந்தைகளுக்கு நேர்மாறா துறுதுறுப்பு அதிகமாகும். மூச்சிலும் சிக்கல் வரலாம். சளி, ஜுரத்துக்குன்னு ஊத்துற குளோர்பெனிரமின்-பினைலெஃப்ரின் கலவை மருந்தை நாலு வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாதுன்னு பாட்டில் மேலேயே அச்சடிக்கச் சொல்லி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவே போட்டிருக்கு. உங்க வீட்டில் யாராவது இந்த ஐடியா சொன்னா, இதை எடுத்துச் சொல்லுங்க.

உருப்படியான யோசனை சொன்னது விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்திருக்கிற எங்க பாட்டி.

"கிரிவலத்துல புள்ளைங்களை எப்படிடா கூட்டிட்டுப் போறோம்? பதினாலு கிலோ மீட்டர்னு சொன்னா நடக்குமா? 'தோ பாரு, அடுத்த லிங்கம் வந்துடுச்சு'ன்னுதானே கூட்டிட்டுப் போறோம்!"

யோசிச்சுப் பாருங்க. ரெண்டு வயசுக்கு 'இன்னும் மூணு மணி நேரம்'னா என்னன்னே தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது 'இப்போ', 'அடுத்து' ரெண்டுதான். கிரிவலப் பாதையில் எட்டு லிங்கம். நாலு மணி நேரம்னா 240 நிமிஷம். வகுத்தா, லிங்கத்துக்கு அரை மணி நேரம். ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு புதுப் பொருள், ஒரு புது வேலை. ஒண்ணு முடிஞ்சா பைக்குள்ளே. அடுத்தது அதுவரைக்கும் கண்ணிலேயே படக்கூடாது. ப்ராஜெக்ட் ப்ளான் ரெடி!

செஞ்சி, திண்டிவனம், செங்கல்பட்டு, தாம்பரம் தாண்டி மீனம்பாக்கம் வந்து சேர்ந்தோம். வாங்க, வலம் கிளம்பலாம்.

1. இந்திர லிங்கம்: ஏறும் நேரம்

'குழந்தையோட வர்றவங்க முதல்ல ஏறலாம்'னு கூப்பிடுவாங்க. சலுகையாச்சேன்னு மொத்தப் பேரும் ஓடிப்போய் ஏறிடாதீங்க. ஏறினதிலிருந்து கதவு சாத்துற வரைக்கும் உள்ளே உட்கார்ந்தே இருக்கணும். நாங்க பையோட அக்காவை முன்னாடி அனுப்பிட்டோம். நானும் பாப்பாவும் கேட் பக்கத்தில் கடைசி அழைப்பு வரை ஓட்டப்பந்தயம். காலில் இருக்கிற சார்ஜ் இறங்கினாதான் உடம்பு உட்காரும்.

ரெண்டு வயசு முடியாத குழந்தைன்னா மடியில் வெச்சுக்கலாம். வெளிநாட்டு விமானங்களில் பெரும்பாலும் பெரியவங்க கட்டணத்தில் பத்து சதவிகிதம் அளவுக்குத்தான் வாங்குவாங்க. ரெண்டு முடிஞ்சா தனி ஸீட். "மூணு மாசம் முன்னாடி போயிருந்தா காசு மிச்சம்"னு அப்பா புலம்பினார். எனக்கென்னவோ தனி ஸீட்தான் நிம்மதி. காரணம் சொல்றேன்.

1989 ஜூலை 19. அமெரிக்காவில் யுனைடெட் 232 விமானத்தின் வால் இன்ஜின் வெடிச்சு, ஹைட்ராலிக்ஸ் மொத்தமும் போய், சூ சிட்டியில் விழுந்துச்சு. இருந்த 296 பேரில் 112 பேர் இறந்தாங்க. மடியில் வந்த குழந்தைகள் நாலு. அந்தக் கால விதிப்படி அவங்களைத் தரையில் வைக்கச் சொன்னார் விமானப் பணிப்பெண் ஜேன் பிரவுன். அதில் ஒரு குழந்தை பிழைக்கவில்லை. 'குழந்தைக்கும் தனி ஸீட், தனி பெல்ட் வேணும்'னு அதுக்கப்புறம் பல வருஷம் போராடினவர் அவர். ஆனா 2005-ல் அமெரிக்க விமானத் துறை, 'கட்டாயமாக்கினா டிக்கெட் காசுக்கு பயந்து மக்கள் காரில் போவாங்க, ரோட்டில்தான் சாவு அதிகம்'னு கணக்கு சொல்லி மறுத்திடுச்சு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரி தெரியுதில்ல? இன்ஜினீயரிங்கில் பாதிப் பிரச்னை இப்படித்தான்.

நம்ம கதைக்கு வருவோம். ராத்திரி ஃப்ளைட். ஜன்னலில் இறக்கை நுனி விளக்கு பளிச் பளிச்சுன்னு அடிக்குது. பாப்பா கண்ணை விரிச்சு, "தீபம்!"ன்னு கத்துச்சு. கார்த்திகைக்கு மலை உச்சியைப் பார்த்துப் பழகின கண்ணாச்சே! முதல் அரை மணி நேரம் அந்த தீபத்திலேயே ஓடிடுச்சு. (உபரித் தகவல்: எந்த விமானமா இருந்தாலும் இடது இறக்கையில் சிவப்பு, வலது இறக்கையில் பச்சை. எதிரே வர்றவனுக்குத் திசை தெரியறதுக்காக.)

2. அக்னி லிங்கம்: சோத்து நேரம்

கைப்பையில் திரவம் நூறு மில்லிக்கு மேல் கூடாதுங்கிற ரூல், குழந்தையோட பாலுக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம். செக்கிங்கில் நாமளே முன்னாடி எடுத்துக் காட்டிட்டா வேலை சுலபம்.

எங்க மெனு: பொடி தடவின குட்டி இட்லி. ஒண்ணொண்ணா, தனித்தனி டப்பாவில்! ஒரே டப்பாவில் வெச்சா ரெண்டு நிமிஷத்தில் ஆட்டம் முடிஞ்சிடும். ஒவ்வொரு மூடியையும் பாப்பாவே திறக்கணும். திறக்க முடியாம திணறணும். திறந்ததும் கைத்தட்டணும். ஆறு இட்லிக்கு இருபத்தஞ்சு நிமிஷம். எந்த பொம்மை தரும் இந்த மைலேஜை?

கடலை, மிட்டாய் மாதிரி தொண்டையில் சிக்குற அயிட்டம் மட்டும் வேணவே வேணாம்.

3. எம லிங்கம்: அழுகை

வந்தேதான் தீரும். ஒண்ணே கால் மணி நேரம் ஆனதும் வந்துச்சு.

காரணம் என்ன தெரியுமா? மணி எட்டோ பத்தோ, அதுக்குத் தெரியாது. ஆனா போனைப் பார்த்ததும், "அப்பா... அப்பா போடு"ன்னுச்சு. போன் ஏரோப்ளேன் மோடில் இருக்கு. அதுக்கு அப்பான்னா அந்தச் செவ்வகம்தான். செவ்வகத்தில் அப்பா வரலை. உதடு பிதுங்குச்சு. அப்புறம்... கேபினே அதிர்ந்துச்சு.

ரெண்டு வரிசை முன்னாடி இருந்த ஒருத்தர் எழுந்து திரும்பினார். நல்லா படிச்சவர் மாதிரிதான் தெரிஞ்சுது. "ஒரு குழந்தையை அடக்கத் தெரியாதா? இதுங்களை எல்லாம் எதுக்கு ஃப்ளைட்ல கூட்டிட்டு வர்றீங்க?"

கூட நான் இருக்கேன். எனக்கும் அது அக்கா குழந்தைதான். ஆனா அந்தக் கேள்வி எங்க அக்காவை மட்டும் பார்த்துத்தான் வந்துச்சு. அக்கா பதிலே பேசலை. "ஸாரி சார், ஸாரி சார்"ன்னு நாலு தடவை சொன்னா. பாப்பாவோட வாயைக் கையால் மூடப் போனா. மூடாம கையை எடுத்துக்கிட்டா. அந்தக் கை நடுங்கினதை நான் பார்த்தேன். பாப்பாவைத் தூக்கிக்கிட்டு எழுந்தேன்.

4. நிருதி லிங்கம்: நடை

எங்க ஊர் வழக்கம் ஒண்ணு சொல்றேன். குழந்தை வேணும்னு வேண்டிக்கிட்டுப் பிறந்தவங்க, கார்த்திகை தீபத் திருவிழாவில் கரும்பில் புடவையைத் தொட்டிலா கட்டி, குழந்தையை உள்ளே படுக்க வெச்சு, அப்பா ஒரு முனை, அம்மா ஒரு முனை தோளில் தாங்கி மாட வீதியைச் சுத்தி வருவாங்க. பிள்ளை இல்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே பிள்ளையா வந்தார்ங்கிற கதையோட சேர்ந்த நேர்த்திக்கடன் இது. மேளம், வெடி, லட்சக்கணக்கில் கூட்டம். அத்தனை சத்தத்திலும் தொட்டிலுக்குள்ளே குழந்தை ஜம்முனு தூங்கும். சின்ன வயசிலிருந்து எனக்கு இது ஆச்சரியம்.

ஜப்பானில் ரிகென் ஆராய்ச்சி நிலையத்தில் குமி குரோடாவும் குழுவும் இதைத்தான் சோதனை பண்ணாங்க. ஆறு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைகளை அம்மா சும்மா மடியில் வெச்சிருந்தா அழுகை நிக்கலை. தூக்கிக்கிட்டு நடந்தா நெஞ்சுத் துடிப்பே சட்டுன்னு குறையுது. 2013-ல் வெளிவந்த முடிவு. எலிக்குட்டிகளுக்கும் இதே கதைதானாம். 2022-ல் இன்னொரு ஆய்வு: அழற கைக்குழந்தையை அஞ்சு நிமிஷம் தூக்கிக்கிட்டு நட. தூங்கினதும் உடனே படுக்க வைக்காதே. அஞ்சிலிருந்து எட்டு நிமிஷம் மடியில் வெச்சு உட்கார், அப்புறம் படுக்க வை.

ரெண்டு வயசுக்கு இது அப்படியே செட் ஆகும்னு நான் சொல்ல வரலை. ஆனா நடந்தேன். முன் கதவிலிருந்து பின் கதவு. பின்னிலிருந்து முன். பெல்ட் விளக்கு அணைஞ்சிருக்கிற நேரமா பார்த்துத்தான். மூணாவது ரவுண்டில் தேம்பல். அஞ்சாவது ரவுண்டில் அமைதி.

பின்பக்க வரிசைகளில் வேலைக்குத் திரும்பிப் போற அண்ணன்கள் கும்பலா இருந்தாங்க. அதில் ஒருத்தர் பாப்பாவைப் பார்த்துச் சிரிச்சு, பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். மடிச்சார், சுருட்டினார், வாலை இழுத்து விட்டார். எலி! உள்ளங்கையில் வெச்சு, மறு கையால் தடவிக் கொடுத்தார். விரலால் ஒரு சுண்டு... எலி அவர் தோள் வரைக்கும் துள்ளிக் குதிச்சுது. பாப்பா சிரிச்ச சிரிப்பில் நாலு வரிசை திரும்பிப் பார்த்துச்சு.

"நம்ம வீட்லயும் இதே வயசுல ஒண்ணு இருக்கு தம்பி. பெரம்பலூர்ல. போன்ல எலி செஞ்சு காட்டுவேன். தொட்டுப் பார்க்கணும்னு அழுவான்"னார்.

என்ன பதில் சொல்றது? "எனக்குச் சொல்லிக் குடுங்கண்ணே"ன்னேன். மூணு தடவை செஞ்சு காட்டினார். கத்துக்கிட்டேன்.

5. வருண லிங்கம்: தண்ணி

விமானத்துக்குள்ளே காத்து ரொம்ப வறட்சி. ஈரப்பதம் இருபது சதவிகிதத்துக்கும் கீழே போயிடும். குழந்தை காரணமில்லாம சிணுங்குதுன்னா முதலில் தண்ணியை நீட்டுங்க. ஒரே மூச்சில் இல்லை, அப்பப்போ ஒரு வாய். குடிச்சா அடுத்தது டயப்பர். அந்தக் குட்டி டாய்லெட்டில் மேலே மடிச்சு வெச்சிருக்கிற பலகையை இறக்கினா மாத்திடலாம். எந்த டாய்லெட்டில் பலகை இருக்குன்னு ஏறினதுமே கேட்டு வெச்சுக்குங்க. மாத்துத் துணி குழந்தைக்கு மட்டும் எடுத்தா போதாது. தூக்குறவங்களுக்கும் ஒரு சட்டை வேணும். ஏன்னு நான் விளக்கமா சொல்லப் போறதில்லை!

6. வாயு லிங்கம்: சிப்ஸ் பாக்கெட்

நம்ம டிபார்ட்மென்ட் மேட்டர் வந்தாச்சு. முப்பத்தைந்தாயிரம் அடியில் வெளியே காத்தழுத்தம் தரையில் இருக்கிறதில் கால் பங்குதான். அதனால் உள்ளே காத்தை அழுத்தி வைக்கிறாங்க. ஆனா தரை அளவுக்கு இல்லை. அதிகபட்சம் 8,000 அடி உயர மலை மேல் என்ன அழுத்தம் இருக்குமோ, அந்த அளவுக்கு.

8,000 அடின்னா 2,438 மீட்டர். அண்ணாமலை கடல் மட்டத்திலிருந்து 814 மீட்டர். மூணால் பெருக்குங்க... 2,442! அதாவது, மூணு அண்ணாமலையை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, அதன் உச்சியில் உட்கார்ந்து நாம சிப்ஸ் சாப்பிடுறோம்!

அந்த சிப்ஸ் பாக்கெட்தான் ஆறாவது லிங்கம். அழுத்தம் குறைஞ்சா கன அளவு கூடும்னு பாயில் விதி. தரையில் சாதுவா இருந்த பாக்கெட் மேலே பலூன் மாதிரி உப்பி நிக்கும். பாப்பாவுக்கு அது ட்ரம். தட்டிக்கிட்டே இருந்துச்சு. இதே கதைதான் வயித்துக்குள்ளே இருக்கிற காத்துக்கும். அதனால் பயணத்தன்னிக்கு குழந்தைக்கு வாயு பிடிக்கிற அயிட்டம் கொடுக்காதீங்க. நமக்கும் அக்கம்பக்கத்து ஸீட்டுக்கும் நல்லது!

7. குபேர லிங்கம்: பத்து ரூபாய்ப் புதையல்

சித்தப்பா ஆயிரம் ரூபாய்க்கு ரிமோட் கார் வாங்கிக் கொடுத்திருந்தார். தரையில் விட இடமில்லாத இடத்தில் கார் எதுக்கு? கடைசி வரை பையிலேயே தூங்குச்சு. வேலை செஞ்சதெல்லாம் இவைதான்:

ஒட்டும் கலர் சீட்டு: முன் ஸீட் முதுகு முழுக்க ஒட்டலாம், எடுக்கலாம், மறுபடி ஒட்டலாம்.

காகித கப் நாலு: கோபுரம் கட்டலாம். பாப்பா ஒவ்வொரு தடவையும் 'சாமி கோபுரம்' கட்டி, கும்பிட்டு, இடிச்சுது.

வாந்தி கவர்: ரெண்டு கண்ணு வரைஞ்சு கையை உள்ளே விட்டா பொம்மலாட்டம். (புதுசா இருக்கணும், முக்கியம்!)

கைக்குட்டை எலி: சூப்பர் ஸ்டார்.

மொபைலில் வீடியோ போட்டா எல்லாம் முடிஞ்சிடுமேன்னு கேட்பீங்க. ரெண்டிலிருந்து நாலு வயசு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஸ்க்ரீன் வேணாம், குறைவா இருந்தா இன்னும் நல்லதுன்னு 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ரொம்ப முடியாமப் போனா எடுக்கலாம்னு ரெண்டு கார்ட்டூன் இறக்கி வெச்சிருந்தோம். அவ்வளவுதான்.

ஆனா ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சிருந்தது. ஒன்றரை வயசு வரை ஸ்க்ரீனே வேணாம்னு சொல்ற அமெரிக்கக் குழந்தை டாக்டர்கள் சங்கம், ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கு. வீடியோ கால்! அந்தப் பக்கம் இருக்கிறவர் பேசுறார், சிரிக்கிறார், நம்ம விரலுக்கு பதில் சொல்றார்ங்கிறதால் அது கார்ட்டூனோட சேர்த்தி இல்லை. 'மலை எங்கே?' வீணாப் போகலைன்னு அக்காகிட்ட சொன்னேன். அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

8. ஈசான்ய லிங்கம்: இறங்கும் நேரம்

கடைசி லிங்கம்தான் கஷ்டமான லிங்கம். விமானம் இறங்க ஆரம்பிக்கிறது ஏர்போர்ட் பக்கத்தில் வந்த பிறகு இல்லை. ஆயிரம் அடி இறங்க மூணு நாட்டிகல் மைல்னு பைலட்டுகள் ஒரு தோராயக் கணக்கு வெச்சிருக்காங்க. முப்பத்தைந்தாயிரம் அடின்னா கிட்டத்தட்ட 195 கிலோ மீட்டர். திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்கு ரோட்டில் என்ன தூரமோ, ஏறக்குறைய அதே தூரம்! எங்க ஊர் பஸ் ஸ்டாண்டில் ஏறும்போதே மீனம்பாக்கத்துக்கு பிரேக் போட ஆரம்பிக்கிற மாதிரி.

அந்த அரை மணி நேரம்தான் காதுக்குச் சோதனை. மூக்குக்குப் பின்னாடியிலிருந்து நடுக்காதுக்கு யூஸ்டேஷியன்னு ஒரு குழாய் போகுது. மேலே ஏறும்போது உள்ளே இருக்கிற காத்து தானா வெளியே வந்திடும். இறங்கும்போது வெளி அழுத்தம் கூடுது, குழாய் ஒட்டிக்குது, செவிப்பறை உள்ளே இழுபடுது. குழந்தைகளுக்கு இந்தக் குழாய் நம்மளை விடக் குட்டை, குறுகல், படுக்கை வாட்டம். அதான் அந்தக் கத்தல். அது அடம் இல்லை பாஸ், வலி!

மருந்து ஒண்ணுதான்: விழுங்கணும். விழுங்கினா குழாய் திறக்கும். கைக்குழந்தைன்னா பால். பெரிய குழந்தைன்னா தண்ணி, ஜூஸ், பிஸ்கட். தூங்கினா இறங்க ஆரம்பிக்கும் முன்னாடியே எழுப்பிடுங்க. தூக்கத்தில் விழுங்கறது குறைவு. மூக்கடைப்பு, சளி, காதுவலி இருந்தா கிளம்பும் முன்னாடியே டாக்டரைப் பார்த்துடுங்க.

பாப்பா அப்பதான் கண்ணசந்திருந்தது. எழுப்ப மனசே வரலை அக்காவுக்கு. எழுப்பினோம். ஸ்ட்ரா போட்ட பாட்டிலில் மோர். ஒரு உறிஞ்சு, ஒரு எலி. ஒரு உறிஞ்சு, ஒரு எலி. சக்கரம் தரையில் தொட்டப்போ பாட்டில் காலி. காதைப் பிடிக்கவே இல்லை.

முன் வரிசையிலிருந்து அந்த சார் எழுந்து பை எடுத்தார். எங்களைப் பார்க்கலை. பாப்பா அவருக்கும் சேர்த்துதான் "டாட்டா" காட்டுச்சு.

மலை எங்கே?

கண்ணாடிக் கதவு திறந்துச்சு. மாமா ரெண்டு கையிலும் ஒண்ணும் இல்லாம, என்ன பண்றதுன்னே தெரியாத மாதிரி நின்னுட்டிருந்தார். பாப்பா அவரைப் பார்த்துச்சு. அக்கா கையில் இருந்த போனைப் பார்த்துச்சு. மறுபடி அவரை. சட்டுன்னு அக்கா சுடிதாருக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிச்சு.

அக்கா என்னைப் பார்த்தா. நான் எட்டு லிங்கத்தையும் முடிச்சிட்டேன். என்கிட்டே ஒன்பதாவது கிடையாது.

மாமா தூக்க வரலை. அப்படியே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தினமும் கேட்கிற அதே குரலில், "மலை எங்கே?"ன்னார்.

பாப்பாவோட தலை மட்டும் வெளியே வந்துச்சு. விரல் பாதி நீண்டுச்சு. சுத்திச் சுத்திப் பார்த்துச்சு. மேலே பார்த்துச்சு. கண்ணாடி, விளக்கு, தள்ளுவண்டி... ரெண்டு கையையும் விரிச்சு, ரொம்ப கவலையா, "இல்ல!"ன்னுச்சு.

மாமா சிரிச்சார். கண்ணு ரெண்டும் நிறைஞ்சு போய்ச் சிரிச்சார். அதைப் பார்த்து அதுவும் சிரிச்சுது. அப்புறம் அதுவே ரெண்டடி முன்னாடி வந்து, என் பாக்கெட்டிலிருந்து பிடுங்கின எலியை அவர் கையில் வெச்சுது.

பத்து நாள் கழிச்சு நான் மட்டும் தனியா திரும்பினேன். இந்தத் தடவை பையில் இட்லி டப்பா இல்லை, மோர் இல்லை. சென்னை நெருங்கி விமானம் இறங்க ஆரம்பிச்சதும் பின் ஸீட்டில் ஒரு குழந்தை வீல்னு கத்துச்சு. மடியில் வெச்சிருந்த அம்மா, யாரும் ஒண்ணும் சொல்றதுக்கு முன்னாடியே சுத்தியிருக்கிற எல்லார்கிட்டேயும் "ஸாரி... ஸாரி"ன்னாங்க. நான் திரும்பி, "ஏதாச்சும் குடிக்கக் குடுங்கக்கா, விழுங்கினா காது சரியாகிடும்"னேன். பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து மடிக்க ஆரம்பிச்சேன்.

ஃப்ரெண்ட்ஸ், பஸ்ஸோ, ரயிலோ, விமானமோ... உங்க பக்கத்து ஸீட்டில் ஒரு குழந்தை அழும். கண்டிப்பா அழும். ஹெட்போனை மாட்டிக்கலாம், முறைக்கலாம், உச்சுக் கொட்டலாம். இல்லேன்னா, அடுத்த அரை மணி நேரத்தை நீங்க எடுத்துக்கலாம். கைக்குட்டை எலி செய்ய மூணே நிமிஷத்தில் கத்துக்கலாம். உங்க வீட்டுத் தாத்தாகிட்ட கேளுங்க, அவருக்குத் தெரிஞ்சிருக்கும்!